நாலு பேர் சிரிக்கும் வீடியோ

அன்புள்ள ஐயா,

வவுனியாவில் ஒரு நிறுவனத்தின் சமய நல்லிணக்கத் திட்டத்தில் வேலை செய்கிறேன். ஐயர், பாதர், மௌலவி, பிக்கு நால்வரையும் வைத்துப் பொங்கலுக்கும் நத்தாருக்கும் பெருநாளுக்கும் வெசாக்குக்கும் வாழ்த்து வீடியோ செய்து பேஸ்புக்கில் போடுகிறோம். பார்ப்பவர்கள் குறைவு. அவர்களிலும் பாதிப்பேர் கீழே திட்டிவிட்டுப் போகிறார்கள். ஆனால் எங்கேயாவது கோயிலடியில் நடந்த சண்டையை யாராவது போனில் எடுத்துப் போட்டால் ஒரே இரவில் ஊரெல்லாம் போய்விடுகிறது. நாங்கள் டிக்டொக்குக்கு மாற வேண்டுமா? செயற்கை நுண்ணறிவால் செய்யும் பொய்ப் படங்களைப் பற்றி மக்களுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? டிஜிட்டல் ஊடகத்தால் வன்னியில் சமயங்களுக்கிடையே புரிந்துணர்வு வரும் என்று நம்புகிறீர்களா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த நேரம் நான் இதே விஷயத்தில்தான் எரிச்சலோடு இருந்தேன். மாந்தை வளைவு வீடியோவை யாரோ திரும்பவும் அனுப்பியிருந்தார்கள். 2019 மார்ச்சில், சிவராத்திரிக்கு முதல்நாள், மன்னாரில் திருக்கேதீச்சரம் சிவன் கோயிலுக்குப் போகும் வழியில் கட்டியிருந்த வளைவைக் கத்தோலிக்கர் கூட்டம் ஒன்று பிடுங்கிப் போட்டதே, அதுதான். திகதி இல்லை, "உடனே பகிருங்கள்" என்று மட்டும் இருந்தது. அனுப்பியவர் இருப்பது கனடாவில். அது நேற்று நடந்தது என்று நினைத்துக் கொதித்துக்கொண்டிருக்கிறார்.

டிக்டொக்குக்கு மாறுவதென்றால் மாறுங்கள், எனக்கு அதில் ஒரு கருத்தும் இல்லை. செயற்கை நுண்ணறிவையும் இப்போதைக்கு விடுங்கள். மாந்தை வீடியோ பொய் இல்லையே, நடந்ததுதானே. நாங்கள் அடிபடுவதற்கு உண்மையான வீடியோவே போதும்.

அதற்குக் கீழே சனம் எழுதியதை அந்த நாட்களில் இருந்து வாசித்தேன். ஒருவர் 1544ஐ இழுத்தார், மன்னாரில் கத்தோலிக்கரானவர்களைச் சங்கிலி மன்னன் வெட்டுவித்த வருடம். இன்னொருவர் போர்த்துக்கேயர் திருக்கேதீச்சரத்தை இடித்ததை இழுத்தார். அதைத் திரும்பக் கட்டவேண்டும் என்று நாவலர் 1872இல் குரல் கொடுத்ததும் வந்தது. எல்லாம் சரித்திரம், சரி. ஆனால் விடிந்தால் அந்த இரண்டு பக்கத்தாரும் ஒரே பஸ்ஸில் ஏறவேண்டும், ஒரே ஆளிடம் மீன் வாங்கவேண்டும் என்ற நினைப்பு எழுதியவர்களில் ஒருவருக்கும் வரவில்லை.

இனி உங்கள் வீடியோ. கோபிக்காதீர்கள், பார்த்தேன். ஒருவர் அன்பு என்கிறார், அடுத்தவர் சாந்தி என்கிறார், மற்றவர் கருணை என்கிறார். யாருக்குத் தம்பி இது தெரியாது? மடு மாதா கோயில் ஆவணித் திருவிழாவுக்குக் காட்டுக்குள் கூடாரம் அடிக்கிறவர்களில் சைவர்கள் எத்தனை பேர் என்று போய்ப் பாருங்கள். வற்றாப்பளையில் அம்மனுக்குக் கடல்நீரில் விளக்கெரிப்பது எல்லாச் சமயத்தாருக்கும் தெரிந்த கதை. வன்னிச் சனத்துக்கு மற்றவனுடைய சமயம் போதுமான அளவு தெரியும். அவனுடைய மனக்குறைதான் தெரியாது. 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டிக்குத் தமிழர் பேரணி போனபோது முஸ்லிம்களும் வந்து சேர்ந்தார்கள். அங்கே யாரும் இஸ்லாத்துக்கு விளக்கம் கொடுக்கவில்லை. கொரோனாவில் இறந்த முஸ்லிம்களைக் கட்டாயமாக எரிப்பதை நிறுத்தவேண்டும் என்பதைத் தமிழர்களும் தங்கள் கோரிக்கையில் சேர்த்திருந்தார்கள், அவ்வளவுதான்.

உங்கள் பிக்கு நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். ஆனால் 2019 செப்டெம்பரில் செம்மலை நீராவியடிப் பிள்ளையார் கோயில் கேணியடியில், நீதிமன்றக் கட்டளையையும் மீறி, ஒரு பிக்குவின் உடலை எரித்தார்கள். வெசாக் வாழ்த்தைப் பார்க்கிற முல்லைத்தீவுக்காரனுக்கு அதுதான் ஞாபகம் வரும். அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் அவரைச் சிரிக்கவைத்தால் திட்டத்தான் செய்வார்கள். தூஷணத்தை மட்டும் அழியுங்கள், மற்றதை விட்டுவையுங்கள்.

எங்கள் அப்பாவுக்கு முல்லைத்தீவுத் தண்ணீரூற்றில் ஒரு முஸ்லிம் சிநேகிதர் இருந்தார், தையல்கடை நானா. 1990 அக்டோபரில் புலிகள் இயக்கம் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது அவர் குடும்பமும் புத்தளம் போனது. வடக்கு முழுக்க ஏறத்தாழ 75,000 பேர். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. வன்னிக்குள் அப்போது ஏது போன்? 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு ஒரு நாள் வந்து இறங்கினார். போய்த் தன் வளவைப் பார்த்தார். கூரை இல்லை, அறைக்குள் மரம் நின்றது. இரவு எங்கள் வீட்டில்தான் தங்கினார். சாப்பிட்டு வெற்றிலை போடும்போது அப்பாவிடம் கேட்டார், "அண்டைக்கு நீ ஏன் வாய் திறக்கேல்லை?"

"திறந்திருந்தா நான் இருந்திருப்பனோ?"

"அது எனக்கும் தெரியும். அதையாவது என்னட்ட வந்து சொல்லியிருக்கலாமே."

அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். இருவரும் நல்லாய்ச் சண்டைபிடித்தார்கள், சாமம் தாண்டியும் சத்தம் கேட்டது. காலையில் புத்தளத்துக் கடை நம்பரை அப்பாவின் கொப்பியில் எழுதிவிட்டுப் பஸ் ஏறினார் நானா. 2009இல் போர் முடிந்தபோது கொப்பியும் இல்லை, வீடும் இல்லை. மெனிக் பாம் அகதி முகாமின் கம்பிவேலிக்குள் இரண்டு லட்சத்துக்கும் மேல் சனம். அப்பாவுக்கு அந்த நம்பர் மனப்பாடம். யாரிடமோ போன் வாங்கி அடித்தார். பிறகு வவுனியாவில் ஒருவர் மூலமாகப் பால்மாவும் சவர்க்காரமும் சாரமும் பேரீச்சம்பழமும் வந்தன.

தம்பி, உங்கள் போனில் முஸ்லிம்களின் நம்பர் எத்தனை இருக்கிறது? அலுவலகத்து ஆட்களையும் ஓட்டோக்காரரையும் கழித்துவிட்டுச் சொல்லுங்கள். இரவு பத்து மணிக்கு எடுத்து "உங்கட பக்கம் என்ன நடக்குது?" என்று கேட்கக்கூடிய நம்பராக இருக்கவேண்டும். கத்தோலிக்கர் எத்தனை பேர்? சிங்களவர்? நல்லிணக்கத்துக்குச் சம்பளம் வாங்குகிற உங்களிடமே இல்லையென்றால் வட்ஸ்அப் குழுவில் கிடக்கிற பெடியனிடம் எப்படி இருக்கும்?

இதையே திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், அலுத்தால் அலுக்கட்டும். சண்டை வீடியோ ஒன்று வந்தால் முதலில் அந்த ஊருக்கு ஒரு கோல் எடுங்கள். அடி வாங்குகிற பக்கத்துக்கு எடுக்க எல்லாருக்கும் தெரியும். அடிக்கிற பக்கத்தில் இருக்கிறவருக்கு எடுங்கள். இது எப்போது நடந்தது, அதற்கு முதல் என்ன நடந்தது என்று கேளுங்கள். அவர் சொல்வதை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. "செய்தது பிழைதான்" என்று அவரே சொல்லக்கூடும். இல்லையென்றால் உங்களோடு சண்டைக்கு வருவார், வரட்டும். நானாவும் அப்பாவும் பிடிக்காத சண்டையா? முகம் தெரியாதவனைப் பற்றிப் பேஸ்புக்கில் எழுதுகிற மாதிரி, பெயர் தெரிந்தவனிடம் போனில் கதைக்க வாய் வராது. எடுக்க நம்பர் இல்லையென்றால் அந்த வீடியோவை அனுப்பாதீர்கள். உங்கள் செயலமர்வுகளில் இதை ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுத்தாலே போதும்.

பேஸ்புக் வந்து காப்பாற்றும் என்று இருக்காதீர்கள். 2018 மார்ச்சில் கண்டிக்குப் பக்கத்துத் திகனவில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்ததில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்கு அது மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். அரசாங்கத்துக்குத் தெரிந்தது பூட்டுவது மட்டும்தான். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பிறகு பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் பூட்டினார்கள். சனம் வீபிஎன் போட்டு வதந்தியை அனுப்பியது.

அடுத்த வெசாக்குக்கு அதே பிக்குவைத்தான் கூப்பிடுவீர்கள் என்று நினைக்கிறேன். வாழ்த்துச் சொல்ல விடாமல் நீராவியடியைப் பற்றிக் கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு இடத்திலும் வெட்டாமல் போடுங்கள். உங்கள் நிறுவனம் விடாது என்று தெரியும். விட்டால் எனக்கும் அனுப்புங்கள்.