மின்சாரம் போய் வந்தால் அலுவலகப் பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ என்கிறது, பெயரைக் கொடுத்துத் தேடினாலும் கிடைப்பதில்லை. எப்படிச் சரிசெய்வது?

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் பிரிண்டரில் கோளாறு எதுவும் இல்லை, நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரிதான் மாறிப்போகிறது. சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைகளிலும் ஐந்து ரோடு பக்கத்து ஆடிட்டர் அலுவலகங்களிலும் கணினிப் பராமரிப்பு செய்துவரும் நான் அடிக்கடி எதிர்கொள்ளும் சிக்கல் இது. மின்சாரம் திரும்பியதும் ரவுட்டர் புதிதாக முகவரிகளை வழங்கத் தொடங்குகிறது, நேற்று 192.168.1.7 என்று இருந்த பிரிண்டர் இன்று 192.168.1.12 ஆகிவிட, கணினிகளோ பழைய எண்ணுக்கே தாள்களை அனுப்பிக்கொண்டிருக்கின்றன.

முதலில் பிரிண்டரின் மெனுவிலிருந்து நெட்வொர்க் அமைப்புத் தாளை அச்சிட்டு எடுங்கள். அதில் மேக் முகவரி என்று இரண்டிரண்டு எழுத்துகளாகப் பிரிந்த 12 எழுத்து அடையாளம் இருக்கும். ரவுட்டரில், முகவரிகளைத் தானாக வழங்கும் டிஎச்சிபி வசதிக்கான பக்கத்தில் அந்த அடையாளத்துக்கென்று ஒரு முகவரியை ஒதுக்கிவிட்டால், எத்தனை முறை மின்சாரம் போனாலும் அதே எண்தான் கிடைக்கும். பிரிண்டரிலேயே நிலையான எண்ணைப் பதிப்பதும் உண்டு. ஆனால் ரவுட்டர் தானாக வழங்கும் வரம்புக்குள் அந்த எண் இருந்தால் வேறொரு கைப்பேசிக்கும் அதுவே போய் மோதல் வரும். ஆகவே நான் ஒதுக்கீட்டையே பரிந்துரைப்பேன்.

அடுத்தது பெயர். கேபிள் வழி இணைத்த பிரதர் பிரிண்டர்கள் ‘பிஆர்என்’ என்ற மூன்று எழுத்துகளோடு மேக் முகவரியைச் சேர்த்துத் தமக்குத் தாமே பெயர் வைத்துக்கொள்கின்றன. விண்டோஸ் கணினிகளின் பழைய பெயரிடும் முறையான நெட்பயாஸ் அனுமதிக்கும் 15 எழுத்துகளை அது முழுவதும் நிரப்பிவிடுகிறது. நீங்கள் வைக்கும் பெயரும் அந்த அளவுக்குள், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். ஒரு கணினி பெயரை எண்ணாக மாற்றுவதற்கு ரவுட்டரின் டிஎன்எஸ்ஸைக் கேட்கலாம், அல்லது ‘லோக்கல்’ என்று முடியும் பெயர்களுக்காக எம்டிஎன்எஸ் வழியாக நெட்வொர்க் முழுவதற்கும் குரல் கொடுக்கலாம். இணைய வேகத்துக்காக யாரேனும் கணினியில் டிஎன்எஸ்ஸை கூகுளின் பொதுச் சேவையான 8.8.8.8 என்று மாற்றியிருந்தால், உள்ளூர்ப் பெயர் எதுவும் அந்தச் சேவைக்குத் தெரியாது. பெயர் கிடைக்கவில்லை என்றால் நான் முதலில் பார்க்கும் இடம் அதுதான்.

எம்டிஎன்எஸ் குரலுக்கும் ஓர் எல்லை உண்டு, அது ரவுட்டரைத் தாண்டாது. ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் அலுவலகத்தில் வைஃபை எட்டாததால் இரண்டாவது ரவுட்டர் ஒன்றை மாட்டியிருந்தார்கள். அதன்கீழ் இருந்த மடிக்கணினிகளுக்குப் பிரிண்டரின் பெயர் தெரியவே இல்லை, ஐபி எண்ணைக் கொடுத்தால் மட்டும் அச்சு வந்தது. அந்த ரவுட்டரைத் தனி நெட்வொர்க் உருவாக்காமல் வைஃபையை மட்டும் நீட்டிக்கும் அக்செஸ் பாயின்ட் முறைக்கு மாற்றியதும் எல்லாம் ஒரே நெட்வொர்க்காகிச் சிக்கல் தீர்ந்தது.

ஒரு கணினியில் பிரிண்டரை நிறுவி மற்றவர்களுக்கு ‘ஷேர்’ செய்யும் பழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். அந்தக் கணினி அணைந்திருந்தால், கணக்குத் தாக்கலின் கடைசி நாளாக இருந்தாலும், அலுவலகத்தில் யாராலும் அச்சிட முடியாது. 2021இல் வெளியான விண்டோஸ் பாதுகாப்புத் திருத்தங்களுக்குப் பிறகு 11பி என்று முடியும் பிழை எண்ணும் இம்முறையில் பலருக்கு வந்தது. விண்டோஸின் உள் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் பாதுகாப்பைத் தளர்த்தி அதைச் சமாளிப்பது நல்லதல்ல. பிரிண்டரில் நெட்வொர்க் வசதி இருக்கும்போது ஒவ்வொரு கணினியிலும் ‘ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்’ வழியாக, ஒதுக்கிய எண்ணைக் கொடுத்து நேரடியாகச் சேர்ப்பதே சரி. பிரிண்டரைத் தானாகக் கண்டுபிடித்து விண்டோஸ் தேர்ந்தெடுக்கும் டபிள்யூஎஸ்டி என்ற போர்ட்டைப் பயன்படுத்த வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் பிரிண்டர் அச்சிட்டுக்கொண்டே ‘ஆஃப்லைன்’ என்று காட்டினால், அந்தப் போர்ட்டின் அமைப்புக்குள் சென்று பிரிண்டரின் நிலையை விசாரிக்கும் ‘எஸ்என்எம்பி நிலை’ என்ற பெட்டியில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள்.