கழற்றி வைத்த வாளி

அன்புள்ள ஐயா,

நான் ஆரையம்பதி. ஏ.எல். பயோவில் ஒரு சீ, இரண்டு எஸ். கம்பஸ் கிடைக்காது. பாடசாலையில் 1500 மீற்றர் ஓடியிருக்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் மாமி, அங்கே கம்யூனிட்டி கொலேஜில் உடற்பயிற்சி, விளையாட்டு விஞ்ஞானம் இரண்டு வருடம் படிக்கலாம், தன் வீட்டிலேயே தங்கலாம் என்கிறார். அப்பா "பீ.ரீ. மாஸ்டராகிறத்துக்கு அமெரிக்காவுக்குப் போற ஆள இப்பதான் காணுறன்" என்று சிரிக்கிறார். இந்தப் படிப்புக்கு மதிப்பு உண்டா? முடித்தால் பிசியோதெரபிஸ்ட் ஆகலாமா? பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள மகள்,

ஆக முடியாது. அங்கே பிசியோதெரபிஸ்ட் ஆவதற்கு நாலு வருடப் பட்டம் முடித்து, அதற்கு மேல் சுமார் மூன்று வருடம் முனைவர் நிலைப் படிப்பும் வேண்டும். போனில் பத்து நிமிடம் தேடியிருந்தால் கிடைத்திருக்கும். இந்தச் சோம்பலை வைத்துக்கொண்டு 1500 மீற்றர் எப்படி ஓடினீர்கள்?

இரண்டு வருடத்தில் கிடைப்பது அசோசியேட் பட்டம், ஏறத்தாழ 60 கிரெடிட். உடற்கூறு, உடற்றொழிலியல், போசணை, முதலுதவி என்று படிப்பீர்கள். பாதி வழி அது. மிச்சத்தை நாலு வருடப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ந்து முடிக்கலாம். எந்தப் பாடத்தை யார் ஏற்பார்கள் என்பதைக் காசு கட்டும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விசா, ஆங்கிலம் எல்லாம் மாமியின் பாடு.

ஆனால் அப்பாவின் அந்தச் சிரிப்பு இருக்கிறதே, இரண்டு நாளாக அது என்னைக் குடைகிறது. பாஸ்கெட்போலை 1891இல் உண்டாக்கிய நெய்ஸ்மித் ஒரு பீ.ரீ. மாஸ்டர்தான். மட்டக்களப்புப் பெடியன்களை விளையாட்டுக்குப் பழக்கிய கத்தோலிக்கக் குரு வெபர் சுவாமி அமெரிக்காவிலிருந்து வந்தவர், அவர் பெயரில்தான் அப்பா தினமும் தாண்டிப் போகிற மைதானம் நிற்கிறது. சரி, அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது வேறு.

நான் படித்த பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பங்குனி வெயிலில் பயிற்சி நடக்கும். எங்கள் மாஸ்டர் பயிற்சி தொடங்கும் முன் கிணற்றுக் கயிற்றில் இருந்து வாளியைக் கழற்றி ஆபீசுக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். தண்ணி குடிச்சா வயிறு கொளுவிப் பிடிக்கும், ஓட ஏலாது என்பது அவருடைய சாத்திரம். நான் மூன்றாவது சுற்றில் கோடு மாறி ஓடினேனாம், யாரோ கேட்டதற்குச் சிரித்தேனாம், மறுகா விழுந்தேனாம். எனக்கு ஞாபகம் இருப்பது முகத்தில் விழுந்த தண்ணீரும் வெற்றிலை வாசமும் மட்டும். கேற்றடியில் கச்சான் விற்ற ஆச்சி தன் பானையை அப்படியே என் தலையில் கவிழ்த்திருக்கிறா. மாஸ்டர் என்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போக வான் ஒன்றைத் தேடி ரோட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தார்.

இன்றைக்கு விளையாட்டு விஞ்ஞானம் சொல்வதும் அதுதான்: ஓடுகிறவன் வெயிலில் புத்தி தடுமாறி விழுந்தால் முதலில் குளிர வை, பிறகு ஏற்றிக்கொண்டு போ. ஆச்சி பள்ளிக்கூடப் படியே மிதிக்காதவ.

மாஸ்டர் கெட்டவர் இல்லை. சம்பளக் காசில் எனக்குச் சப்பாத்து வாங்கித் தந்த மனுசன். உடம்பைப் பற்றி அவருக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு பக்கம் வாவி, ஒரு பக்கம் கடல், நடுவில் இருக்கிற நமக்குக் காற்றே ஈரம். வியர்வை தோலில் காய்ந்தால்தான் உடம்பு குளிரும். சொட்டி மணலில் விழுகிற வியர்வையால் ஒரு பிரயோசனமும் இல்லை, உள்ளே இருந்த தண்ணீர் போனதுதான் மிச்சம். பிள்ளையைத் தராசில் ஏற்றி, ஓட விட்டு, மறுகா ஏற்றிப் பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் போயிருக்கிறது. 50 கிலோப் பிள்ளைக்கு அது நூற்றுக்கு இரண்டு, அதற்கு மேல் போகப் போக ஓட்டம் தளரும். குடம் குடமாகக் குடிப்பதும் பிழை, இரத்தத்தில் உப்பின் செறிவு இறங்கிவிடும். வெயிலுக்கு உடம்பு பழகுவதற்கே 10 முதல் 14 நாள் வேண்டும். நாமோ போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது பிள்ளைகளை கிரவுண்டில் இறக்கிவிட்டு, மயங்கி விழுந்தால் காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளை என்று அம்மாவைத் திட்டுகிறோம். போன வருடமும் கல்முனை ரோட்டோரம் ஒரு மைதானத்தில் உச்சி வெயிலில் அணிநடை பழக்கினார்கள், குடைக்குக் கீழே நின்று விசில் ஊதினார் ஒருவர். இறங்கிப் போய்ச் சண்டை பிடித்தேன். என்னை யாரென்று கேட்டார்.

அந்த விசிலைப் பிடிக்கிற கைக்கு இரண்டு வருடப் படிப்பு கூடவா? எனக்கு அது போதாது என்றே படுகிறது.

சொல்ல மறந்துவிட்டேன், காசில்லை என்றால் சப்ரகமுவப் பல்கலைக்கழகத்திலும் விளையாட்டு விஞ்ஞானத்தில் பட்டப் படிப்பு உண்டு. உங்கள் பெறுபேற்றுக்கு இடம் கிடைக்குமா என்பதை நீங்களே பாருங்கள், அதையும் என்னிடம் கேட்டு எழுதாதீர்கள்.

அப்பாவிடம் ஒன்று மட்டும் கேளுங்கள், அவர் படித்த பள்ளிக்கூடத்துக் கிணற்றில் பயிற்சி நேரம் வாளி இருந்ததா என்று.