விண்டோஸ், மேக், லினக்ஸ்: எது பாதுகாப்பானது? கேள்வி பதில்

கேள்வி: சார், புதுக் கணினி வாங்கப் போகிறேன். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றில் எது பாதுகாப்பானது? சுற்றி வளைக்காமல் ஒரு பெயரைச் சொல்லுங்கள்.

பதில்: நீங்கள் கேட்காத ஒரு பெயரைச் சொல்கிறேன்: கூகுளின் குரோம்ஓஎஸ். மெயில், வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, இவ்வளவுதான் வேலை என்றால், அது ஓடும் குரோம்புக் லேப்டாப் போதும். தன் சிஸ்டம் கோப்புகளை யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் சரிபார்த்துவிட்டுத்தான் அது திறக்கும். கண்ட இடத்திலிருந்து இறக்கிய விண்டோஸ் புரோகிராம் அதில் நேரடியாக ஓடாது. வாங்கும்போது அந்த மாடலுக்கு எந்த ஆண்டு வரை அப்டேட் உண்டு என்று மட்டும் பாருங்கள்.

டாலி மாதிரி மென்பொருள் வேண்டும் என்பவர்களுக்கு அது சரிப்படாது. அவர்கள் மூன்றில் எதை வாங்கினாலும், அப்டேட் வந்துகொண்டிருக்கும் பதிப்பாக வாங்கி, வருகிற அப்டேட்டை உடனே போட வேண்டும். அப்டேட் நின்றுபோன மேக்கைவிட ஒழுங்காக அப்டேட் ஆகும் விண்டோஸ் பத்திரமானது.

கேள்வி: வைரஸ் எல்லாம் விண்டோஸுக்குத்தானே வருகிறது? அப்புறம் அதை எப்படிப் பத்திரம் என்கிறீர்கள்?

பதில்: மேசைக் கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் என்பதால் திருடர்களின் கண் அங்கேதான். ஆனால் எண்ணிக்கை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். பழைய விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வடிவமைப்பே பலவீனமாக இருந்தது. வீட்டில் எல்லோரும் முழு அதிகாரமுள்ள அட்மின் கணக்கில்தான் உட்கார்ந்திருந்தோம். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற தீநிரல் பரவியபோது, எதையும் கிளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை; இணையத்தில் இணைத்தாலே போதும், தொற்றிக்கொண்டது. மறு ஆண்டு வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 என்ற பெரிய அப்டேட்தான், வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலைத் தானாகவே ஆன் செய்து வைத்தது. இன்றைய விண்டோஸ் 11-ஐ அந்தக் காலத்தை வைத்து எடைபோடக் கூடாது.

2017 மே 12 அன்று, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் தாக்கியதில் பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. இரண்டு மாத அவகாசம் இருந்தும் லட்சக்கணக்கான கணினிகளில் அது போடப்படவில்லை. 'பிறகு நினைவூட்டு' பட்டனை அழுத்தும் ஒவ்வொருவரிடமும் இந்தக் கதையை நான் சொல்லாமல் விடுவதில்லை.

கேள்வி: மேக்கில் வைரஸே வராது என்று கடைக்காரர் அடித்துச் சொல்கிறார்.

பதில்: வரும். 2012-இல் ஃப்ளாஷ்பேக் என்ற தீநிரல் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மேக்குகளில் புகுந்தது. அது புகுந்த ஓட்டை ஜாவா என்ற மென்பொருளில் இருந்தது; ஜாவாவின் சொந்தக்காரரான ஆரக்கிள் நிறுவனம் அதைப் பிப்ரவரியிலேயே சரிசெய்துவிட்டது. மேக்குக்கான ஆப்பிளின் திருத்தம் ஏப்ரலில்தான் வந்தது. 2017 நவம்பரில் இதைவிட மோசம்: ஹை சியெரா என்ற மேக் பதிப்பில், பயனர் பெயராக 'ரூட்' (எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு) என்று போட்டு, பாஸ்வேர்டைக் காலியாக விட்டுச் சில முறை அழுத்தினால் முழு அதிகாரமும் கிடைத்தது. செய்தி வெளியான மறுநாளே ஆப்பிள் அதை அடைத்தது.

அதே சமயம், மேக்கின் அடித்தளம் நல்ல அடித்தளம் என்பதையும் சொல்ல வேண்டும். 2015 முதல் ரூட் அதிகாரம் இருந்தாலும் சிஸ்டம் கோப்புகளைத் தொட முடியாதபடி பூட்டியிருக்கிறார்கள். இப்போதைய ஆபத்து, திருட்டு மென்பொருளோடு சேர்ந்து வரும் பாஸ்வேர்டு திருடும் நிரல்களும், 'இந்த வரியை டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னல்) ஒட்டுங்கள்' என்று சொல்லும் போலிப் பக்கங்களும்தான். அப்படி எந்தப் பக்கம் சொன்னாலும் மூடிவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, லினக்ஸின் மூல நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆயிரம் பேர் பார்க்கும்போது ஓட்டை எப்படித் தப்பும்?

பதில்: பார்க்கலாம் என்பதும் பார்க்கிறார்கள் என்பதும் வேறு வேறு. கட்டளைகளை வாங்கி ஓட்டும் பேஷ் ஷெல்லில் 1989 முதல் இருந்த பிழை 2014-இல்தான் ஷெல்ஷாக் என்று வெளியே வந்தது. யாருக்கு என்ன அனுமதி என்று முடிவு செய்யும் போல்கிட் என்ற லினக்ஸ் நிரலில் 2009-இல் புகுந்த பிழை 2022 ஜனவரி வரை தூங்கியது.

இந்த விஷயத்தில் நீங்கள் அவசியம் படிக்க வேண்டியது 2024 மார்ச் மாத நிகழ்வு. எக்ஸ்.இசட். என்பது கோப்புகளைச் சுருக்கும் சிறு மென்பொருள், ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கும். தனி ஒருவர் தன் ஓய்வு நேரத்தில் அதைப் பராமரித்துவந்தார். 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக உதவி செய்து, நம்பிக்கை பெற்று, பராமரிப்பாளராகவே ஆனார். பிறகு 5.6.0, 5.6.1 பதிப்புகளில், தொலைவிலிருந்து கணினிக்குள் லாகின் செய்ய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழையும் பின்கதவை வைத்தார். சோதனைக் கோப்புகளுக்குள் ஒளித்திருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், எஸ்எஸ்ஹெச் லாகின் சுமார் அரை வினாடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்து, விடாமல் தோண்டிப் பிடித்தார். பெரும்பாலான சர்வர்களில் ஓடும் நிலையான பதிப்புகளுக்குள் போகும் முன்பே சிக்கியது. மூல நிரல் கையில் இருந்ததால்தான் அவரால் தோண்ட முடிந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த ஒருவர் கவனிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாம் இலவசமாகப் பயன்படுத்தும் மென்பொருளைத் தனி ஆளாகத் தாங்கிக்கொண்டிருப்பவர்களுக்குப் பணமும் துணையும் கொடுக்காமல் பாதுகாப்பு மட்டும் கேட்பது நியாயமில்லை.

மேசை லினக்ஸ் பற்றி இன்னொன்று: நீங்கள் ஓடவிடும் புரோகிராம் எதுவும் பொதுவாக உங்கள் ஹோம் ஃபோல்டர் முழுவதையும் படிக்க முடியும். திரையில் ஜன்னல்களைக் காட்டும் பழைய ஏற்பாடான எக்ஸ்11-இல், மற்ற ஜன்னலில் தட்டுவதையும் ஒட்டுக்கேட்கலாம். அதற்குப் பதிலாக வந்த வேலாண்ட் இந்த இரண்டாவதைத் தடுக்கிறது. அது உள்ள பதிப்பை எடுங்கள்.

கேள்வி: வீட்டில் விண்டோஸ் 10 ஓடுகிறது, 11 ஏறவில்லை. தூக்கிப் போடுவதா?

பதில்: வேண்டாம். வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்த வீட்டுக் கணினிகளுக்கு மேலும் ஓராண்டு, 2026 அக்டோபர் வரை, பாதுகாப்புத் திருத்தம் உண்டு. அதற்குப் பிறகு லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையைப் போட்டுப் பாருங்கள். முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டி, வைஃபையும் பிரிண்டரும் வேலை செய்கின்றனவா என்று சரிபார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: கடையில் முந்நூறு ரூபாய்க்கு விண்டோஸ் போட்டு ஆக்டிவேட் செய்து தந்தார்கள். பரவாயில்லையா?

பதில்: திருட்டு ஆக்டிவேட்டராக இருந்தால் பரவாயில்லை என்று என்னால் சொல்லவே முடியாது. அது முதலில் கேட்பது, விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லி. அடுத்தது அட்மின் அனுமதி. இரண்டையும் கொடுத்த பிறகு உள்ளே என்ன வந்தது என்று கடைக்காரருக்கும் தெரியாது. அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். கோப்புகளை எடுத்துவைத்துக்கொண்டு, டிஸ்க்கை முழுவதும் அழித்து, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய விண்டோஸைப் போடுங்கள். லைசென்ஸ் வாங்கக் காசு இல்லையென்றால் லினக்ஸ் போடுங்கள்.

கேள்வி: ஆன்டிவைரஸ் வாங்க வேண்டுமா?

பதில்: வீட்டுக்கு டிஃபெண்டரே போதும்.

கேள்வி: நான் பத்திரிகையாளர். என்னையே குறிவைத்துத் தாக்குவார்கள் என்ற பயம் இருக்கிறது.

பதில்: உங்களுக்குக் க்யூப்ஸ் ஓஎஸ் என்ற இயங்குதளம் பொருந்தும். ஜோவானா ருட்கோவ்ஸ்கா என்ற பாதுகாப்பு ஆய்வாளர் தொடங்கிய திட்டம் அது. மெயில் ஒரு மெய்நிகர் கணினியில் (கணினிக்குள் ஓடும் தனிக் கணினி), சந்தேகமான கோப்பு தூக்கியெறியக்கூடிய இன்னொன்றில் என்று வேலைகளைப் பிரித்துவைக்கும். ஒன்றில் கிருமி நுழைந்தால் அங்கேயே நிற்க வேண்டும் என்பதே ஏற்பாடு. 16 ஜிபி ரேம் இல்லாமல் இறங்காதீர்கள், பழகவும் நாளாகும்.

கைபேசியை மறந்துவிட வேண்டாம். 2021-இல் பெகாசஸ் என்ற உளவு மென்பொருள், ஆப்பிளின் ஐமெசேஜ் வழியாக, எதையும் தொடாமலேயே ஐபோனுக்குள் நுழைந்தது. அதற்குப் பின் ஐபோனின் ஐஓஎஸ் 16 பதிப்பில், தாக்குதலுக்கு வழியாகும் வசதிகளை முடக்கும் லாக்டவுன் மோடை ஆப்பிள் கொடுத்தது. அதை இன்றே ஆன் செய்யுங்கள். சில இணையதளங்கள் மெதுவாகும், மெசேஜோடு வரும் பல வகை அட்டாச்மென்ட்கள் திறக்காது. உங்கள் வேலைக்கு அந்தச் சிரமம் தகும்.