வேலை அனுமதி அட்டை ரத்தாகும் என்று வந்த செய்தி

தம்பி, பாலக்கோட்டிலிருந்து சிங்கப்பூர் வந்து மூன்று வாரமே ஆன நிலையில், மனிதவள அமைச்சின் பெயரில் வாட்ஸ்அப் செய்தி ஒன்று வந்ததாகவும், இன்று மாலைக்குள் அதிலுள்ள இணைப்பைத் திறந்து சிங்பாஸ் என்ற அரசு மின்னடையாளக் கணக்கின் கடவுச்சொல்லை உறுதிசெய்யாவிட்டால் வேலை அனுமதி அட்டை ரத்தாகிவிடும் என்று அதில் இருந்ததாகவும் எழுதி, அதை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம்ப வேண்டாம். திறப்பதற்கு முன் கேட்டீர்களே, அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

நான் காவேரிப்பட்டணத்துக்காரன். இங்கு வந்த புதிதில், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவரிடம் ஓடிபி எண்ணைச் சொல்லி, தங்கையின் திருமணத்துக்கென்று சேர்த்திருந்த 1,800 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) இழந்தேன். ஓடிபியை யாருக்கும் சொல்லக்கூடாது என்பது எனக்கு அன்றும் தெரியும். கணக்கை இப்போதே முடக்கிவிடுவோம் என்று அவர் சொன்னதும் தெரிந்ததெல்லாம் மறந்துபோயிற்று. கடன் வாங்கி முகவருக்குப் பணம் கட்டி வந்தவனுக்கு அட்டை பறிபோவதைவிடப் பெரிய அச்சம் வேறில்லை என்பதை அறிந்துதான் உங்களுக்கும் மாலை வரை கெடு வைத்திருக்கிறார்கள்.

இணைய முகவரியைப் படிக்கப் பழகுங்கள். ஊரில் மாரண்டஅள்ளி, பாலக்கோடு வட்டம் என்று எழுதி, தருமபுரி மாவட்டம் என்று முடிப்போம் அல்லவா. அதுபோல இணைய முகவரியிலும், முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் கடைசியாக நிற்கும் பகுதியே அந்தத் தளம் யாருடையது என்பதைக் காட்டும். இந்நாட்டு அரசுத் தளங்கள் பெரும்பாலும் அந்த இடத்தில் புள்ளியுடன் ‘கவ்.எஸ்ஜி’ (.gov.sg) என்று முடியும். அதே எழுத்துகள் நடுவில் இருந்து, முடிவில் ‘காம்’ என்றோ வேறெதுவோ இருந்தால் அது போலி.

2024 ஜூலை முதல் அமைச்சுகளின் குறுஞ்செய்திகள் பெரும்பாலும் ‘கவ்.எஸ்ஜி’ என்ற ஒரே அனுப்புநர் பெயரில் வருகின்றன. பதிவுசெய்யாத பெயர்களில் வருபவை மோசடியாக இருக்கக்கூடும் என்ற குறிப்புடன் வந்து சேரும். வாட்ஸ்அப்புக்கு இந்தக் காவல் கிடையாது. தொலைபேசி அழைப்பில், எண்ணுக்கு முன்னால் கூட்டல் குறி தெரிந்தால் அது வெளிநாட்டிலிருந்து வருவது; ஆகவே சிங்கப்பூரின் நாட்டுக் குறியீடான ‘+65’ என்று தொடங்கும் எண்ணிலிருந்து அமைச்சு அதிகாரி என்று யாராவது பேசினால் உடனே துண்டித்துவிடுங்கள். ஐயம் இருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்ட் மோசடித் தடுப்பு உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

உங்கள் அறையில் யாராவது ஏற்கெனவே விவரம் கொடுத்திருந்தால், வெட்கப்பட்டு மறைக்க வேண்டாமென்று சொல்லுங்கள். வங்கி அட்டையின் பின்புறமுள்ள எண்ணில் வங்கியை அழைத்துக் கணக்கை உடனே முடக்கி, சிங்பாஸ் கடவுச்சொல்லை மாற்றி, காவல்துறையில் புகார் கொடுக்க வேண்டும். நான் வெட்கப்பட்டு ஒரு நாள் தாமதித்தேன். பணம் அதற்குள் கைமாறிவிட்டது.

ஊரிலிருக்கும் வீட்டாரையும் எச்சரித்து வையுங்கள். வெளிநாட்டில் மகன் போலீசில் சிக்கிவிட்டான், மீட்கப் பணம் அனுப்புங்கள் என்று எங்கள் அண்ணிக்கு அழைப்பு வந்து, அவர் நகையை அடகு வைக்கக் கிளம்பிய நேரத்தில்தான் தற்செயலாக நான் வீட்டுக்குப் பேசினேன். போலீஸ் என்று சொல்லி வீடியோ அழைப்பில் மிரட்டும் ‘டிஜிட்டல் கைது’ என்ற ஒன்றும் இந்தியச் சட்டத்தில் இல்லை. இன்றிரவு அம்மாவிடம் பேசும்போது, இப்படி அழைப்பு வந்தால் முதலில் உங்களையே அழைக்கச் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் புகார் செய்ய வேண்டிய 1930 என்ற இந்திய இணையக் குற்ற உதவி எண்ணையும் நாட்காட்டியில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.