கடப்படியில் நின்று திரும்பும் அப்பா

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு வயது 37, ஊர் மண்டூர்ப் பக்கம், அரிசி ஆலை ஒன்றுக்கு லொறி ஓட்டுகிறேன். 2015இல் களுவாஞ்சிகுடிக்குக் கிட்டக் கலியாணம் முடித்து, நம்மட ஊர் வழக்கப்படி பெண் வீட்டிலேயே இருந்தேன். ஒரு மகள், இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். எங்களுக்குள் ஒத்துவரவில்லை, போன வருடம் மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்து முடிந்தது. பிள்ளை தாயிடம். மாதம் 15,000 ரூபா தாபரிப்புக் கட்டச் சொல்லி அதற்கு முன்பே நீதவான் நீதிமன்றத்தில் உத்தரவு இருக்கிறது. பிள்ளையைப் பார்ப்பது பற்றி எதிலும் ஒரு வரி இல்லை. கோர்ட் வாசலில் மாமி, "வந்து பாத்துட்டுப் போங்க மகன், ஆரு மறிக்கிற?" என்று சொன்னதால் நானும் பேசாமல் இருந்துவிட்டேன். நாலு மாதம் ஒழுங்காகப் பார்த்தேன். பிறகு போனால் பிள்ளைக்குக் காய்ச்சல், பிள்ளை வகுப்புக்குப் போய்விட்டாள், பிள்ளை நித்திரை. இப்போது கடப்பை, அதுதான் வளவு வாசலை, திறப்பதே இல்லை. பாடசாலைக்குப் போனேன், அதிபர் தாயின் அனுமதி இல்லாமல் காட்ட முடியாது என்றுவிட்டார். கோபத்தில் மூன்று மாதமாகக் காசு கட்டவில்லை. கூட்டாளி ஒருவன், பாடசாலை விடும் நேரம் பார்த்துப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு வந்துவிடு, பிறகு அவர்கள் உன்னிடம் வந்து கெஞ்சட்டும் என்கிறான். நான் என்ன செய்ய?
– பெயர் வேண்டாம், மண்டூர்

பதில்: தம்பி, முதலில் அந்தக் கூட்டாளியின் பேச்சைக் காதில் போடாதீர்கள். பிள்ளை தாயின் பொறுப்பில் என்று நீதிமன்றம் தீர்த்திருக்கும்போது நீங்கள் பாடசாலை வாசலில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனால் அன்றைக்குப் பின்னேரமே பொலிசில் முறைப்பாடு இருக்கும், பாதை (வாவியைக் கடக்கும் மிதவைப் படகு) ஏறி மண்டூர் போய்ச் சேர்வதற்குள் உங்களுக்குத் தொலைபேசி வரும். அதுகூடப் பரவாயில்லை. எட்டு வயதுப் பிள்ளை, சீருடையோடு, அப்பாவைப் பொலிசார் விசாரிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அதற்குப் பிறகு நீங்கள் எந்த நீதிபதியிடம் போய் எதைக் கேட்டாலும் அந்த ஒரு பின்னேரம் உங்களுக்கு முன்னால் போய் நின்றுகொள்ளும்.

அடுத்தது காசு. இதை எழுதினால் உங்களுக்குக் கோபம் வரும், வரட்டும். மூன்று மாதம் கட்டாமல் விட்டது பெரிய பிழை. பிள்ளையைக் காட்டவில்லை, ஆகவே காசு இல்லை என்பது கடையில் பண்டம் வாங்கும் கணக்கு. நீங்கள் கட்டுவது பிள்ளையைப் பார்க்க ரிக்கற் காசு இல்லையே, அது அவள் சாப்பாடு, சப்பாத்து, கொப்பி. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் இதில் கடுமையானது. கட்டாவிட்டால் நீதவான் பிடியாணை போடலாம், சிறைக்கும் அனுப்பலாம். "எனக்குப் பிள்ளையைக் காட்டவில்லை ஐயா" என்பது அங்கே பதிலாக நிற்காது. நிலுவையை இந்த மாதமே கட்டத் தொடங்குங்கள், முழுவதும் இல்லாவிட்டால் தவணை கேளுங்கள், எப்படிக் கட்டினாலும் வங்கியிலோ நீதிமன்றத்திலோ கட்டிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். மாமியின் கையில் கொடுக்கும் காசுக்குச் சாட்சி மாமி மட்டும்தான்.

பலர் குழம்பும் இடம் ஒன்று இருக்கிறது. தாபரிப்பு வழக்கு நீதவான் நீதிமன்றத்தில் நடப்பதால் அங்கேயே பிள்ளையைப் பார்க்கவும் கேட்டுவிடலாம் என்று நினைக்கிறார்கள். நீதவான் நல்ல மனதோடு இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சமாதானமாக ஏதாவது சொல்லிப் பார்ப்பார், ஆனால் பிள்ளை யாருடைய பொறுப்பில், மற்றவர் எப்போது பார்க்கலாம் என்பதையெல்லாம் தீர்மானிக்கும் இடம் மாவட்ட நீதிமன்றம். அங்கே உங்கள் விவாகரத்து வழக்கு முடிந்துவிட்டதே என்று கவலைப்படாதீர்கள். திருமணம்தான் முடிந்தது. பிள்ளைக்கு 18 வயதாகும்வரை அவள் பொறுப்பு, தாபரிப்பு, படிப்பு பற்றி அதே நீதிமன்றம் காலத்துக்குக் காலம் உத்தரவு போடலாம், போட்டதை மாற்றலாம். ஆகவே பழைய வழக்கிலக்கத்தைத் தேடி எடுங்கள், மனுவும் சத்தியக்கூற்றும் போட்டு, பிள்ளையைச் சந்திக்க உத்தரவு கேளுங்கள். தாய்க்கு அறிவித்தல் போகும், அவர் தன் பக்கத்தைச் சொல்லுவார், அப்புறம் விசாரணை. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் நிலையங்கள் உண்டு. வருமானத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள், கிராம சேவகரின் கடிதத்தோடு போங்கள்.

கிடைக்குமா என்றால், கிடைக்கும் என்றே சொல்லுவேன். நம் நாட்டு நீதிமன்றங்கள் பார்ப்பது பிள்ளையின் நலனை. சின்னப் பிள்ளை, அதுவும் பெண் பிள்ளை, தாயிடம் இருப்பதைச் சாதாரணமாக மாற்ற மாட்டார்கள், நீங்களும் அதைக் கேட்கவில்லை. ஆனால் பொறுப்பு தாயிடம் இருந்தாலும் தகப்பன் பிள்ளையைப் பார்ப்பதை, அடி, குடி, துன்புறுத்தல் மாதிரிப் பிள்ளைக்குக் கேடு வரும் காரணம் ஒன்று இருந்தால் ஒழிய, இலேசில் மறுக்க மாட்டார்கள். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயம் இதைப் பிள்ளையின் உரிமை என்றே சொல்லுகிறது: பிரிந்திருக்கும் தாய், தகப்பன் இருவரோடும் ஒழுங்காகத் தொடர்பு வைத்திருக்கும் உரிமை பிள்ளைக்கு. நீங்கள் எழுதியதில் "என் உரிமை" என்று நாலு இடத்தில் வந்தது, இங்கே சுருக்கிப் போட்டபோது வெட்டிவிட்டேன். மனுவிலும் வெட்டிவிடுங்கள்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விசயம். உத்தரவு கிடைப்பதல்ல கஷ்டம், உத்தரவில் என்ன எழுதியிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "நியாயமான நேரங்களில் தகப்பன் பிள்ளையைப் பார்க்கலாம்" என்று ஒரு வரி போட்டு முடித்தால் சந்தோசமாக வீட்டுக்கு வருவீர்கள், அடுத்த மாதம் மறுபடி கடப்படியில் நிற்பீர்கள். நியாயமான நேரம் எது? உங்களுக்குச் சனிக்கிழமை காலை பத்து மணி நியாயம், அவர்களுக்கு அது வகுப்பு நேரம். இந்த ஊரில் கலியாணம் முடித்த ஆம்பிளை பெண் வீட்டுக்குப் போகிறான், வீடும் வளவும் பெண்ணின் பெயரில், பக்கத்து வளவில் பெரியம்மா, பின்னால் சின்னம்மா, நடுவில் அம்மம்மா. பிரிந்து வரும்போது அவன் உடுப்புப் பையோடு வருகிறான், பிள்ளை அத்தனை பேருக்கும் நடுவில் இருக்கிறது. அது பிள்ளைக்கு நல்ல பாதுகாப்பு, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் "வீட்டில் வந்து பார்க்கலாம்" என்ற உத்தரவு அந்த வளவுக்குள் நடக்குமா? விறாந்தையில் பிளாஸ்ரிக் கதிரை ஒன்றைப் போட்டு, நாலு பெண்கள் சுற்றி நிற்க, பிள்ளை யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்கும்.

ஆகவே கிழமையும் மணியும் இடமும் ஆளும் எழுதிக் கேளுங்கள். பிள்ளையின் கிழமையை முதலில் தாளில் எழுதிப் பாருங்கள். சனி காலை ரியூசன், ஞாயிறு காலை அறநெறிப் பாடசாலை. அந்த இரண்டிலும் கை வைத்தால் எதிர்ப் பக்கச் சட்டத்தரணிக்கு நீங்களே வாதம் எழுதிக் கொடுத்த மாதிரி. மாதத்தில் இரண்டாம், நாலாம் சனி பின்னேரம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை என்று கேட்கலாம். எங்கே ஒப்படைப்பது? வீட்டுக் கடப்படி வேண்டாம். இரண்டு பேருக்கும் பொதுவான கோயில் முன்றல், இல்லாவிட்டால் பிள்ளைக்குப் பழக்கமான சொந்தக்காரர் வீடு. யார் கொண்டுவந்து விடுவது, யார் திருப்பிக் கூட்டிப்போவது என்று ஆளையும் குறிப்பிடுங்கள். மாமியும் நீங்களும் கதைக்காமல் நடக்கக்கூடிய ஒழுங்காக அது இருக்கட்டும்.

பிறகு, குருமண்வெளிப் பாதை. சிரிக்காதீர்கள், இது சட்ட விசயம்தான். மாரியில் காற்றும் வெள்ளமுமாக வாவி ஏறினால் பாதை ஓடாது, ஆறு மணிக்குப் பிள்ளையைத் திருப்பி விடுவேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு மண்டூர்த் துறையில் பிள்ளையோடு நின்றால் உத்தரவை மீறியது நீங்கள். ஆகவே கார்த்திகையிலிருந்து தை வரை சந்திப்பு எழுவான்கரையிலேயே (வாவிக்குக் கிழக்கே, பிள்ளை இருக்கும் பக்கம்), பாதை ஏறுவது மழை விட்ட பிறகு என்று நீங்களே முன்வந்து சொல்லுங்கள். தன் வசதியை விட்டுக்கொடுத்துப் பிள்ளைக்காக யோசித்திருக்கிறான் என்று நீதிபதிக்கு அந்த ஒரு வரியிலேயே விளங்கும்.

இராத் தங்கலை முதல் நாளே கேட்க வேண்டாம். எத்தனை மாதமாக உங்களைப் பார்க்காத பிள்ளை. முதல் மூன்று மாதம் பின்னேரம் மட்டும், பிறகு முழுப் பகல், அது ஒழுங்காக நடந்தால் ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளில் அப்பம்மா வீட்டில் இரண்டு மூன்று நாள் என்று படிப்படியாகக் கேளுங்கள். புத்தாண்டு ஒரு வருடம் அங்கே, ஒரு வருடம் இங்கே. ஆவணியில் மண்டூர்த் திருவிழாவுக்கு ஒரு நாள். இடையில் கிழமைக்கு இரண்டு தரம், இரவு ஏழு மணிக்குப் பத்து நிமிடம் வட்ஸ்அப்பில் கதைப்பதையும் சேருங்கள். இதை மறக்கிறவர்கள்தான் கூட.

கோர்ட் வளவில் ஒருமுறை கண்டது நினைவுக்கு வருகிறது. எந்தக் கோர்ட் என்று வேண்டாம். தகப்பனுக்கு ஒரு மணித்தியாலம், நீதிமன்ற வளவிலேயே, வாங்கில் இருந்து பார்க்க அனுமதி. ஆள் ஒரு மைலோ பைக்கற் வாங்கி, ஸ்ட்ரோவையும் குத்தி, அரை மணித்தியாலம் கையில் பிடித்துக்கொண்டே இருந்தான். பிள்ளை வந்தது. எடுக்கவில்லை. பெரியம்மாவைப் பார்த்தது. பெரியம்மா தலையை அசைத்த பிறகுதான் கையை நீட்டியது. அந்த ஆள் பிள்ளையிடம் அம்மாவைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை, "கீறின படம் கொண்டுவந்தியா?" என்று மட்டும் கேட்டான். நீங்களும் அப்படியே இருங்கள். அம்மா எங்கே போகிறா, வீட்டுக்கு யார் வருகிறார், என்னைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று விசாரணை வைக்காதீர்கள். நீதிபதி தேவையென்றால் பிள்ளையைத் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தனியாகக் கதைப்பார், நன்னடத்தை உத்தியோகத்தரிடம் அறிக்கையும் கேட்கலாம், அவர் உங்கள் வீட்டுக்கும் வருவார். வந்தால் வீட்டைப் பூசி மெழுகிக் காட்ட வேண்டியதில்லை, பிள்ளை எங்கே படுக்கும், கழிவறை எங்கே, நீங்கள் லொறியில் போகும் நாளில் யார் வீட்டில் இருப்பார் என்பதற்குப் பதில் இருந்தால் போதும்.

உத்தரவு வந்த பிறகும் காட்டாவிட்டால்? கடப்படியில் நின்று சத்தம் போடாதீர்கள். போன திகதி, நேரம், யார் என்ன சொன்னார் என்று கொப்பியில் எழுதுங்கள், பொலிசில் ஒரு பதிவு போடுங்கள், சட்டத்தரணி மூலம் நீதிமன்றத்துக்குத் தெரியப்படுத்துங்கள். உத்தரவை வேண்டுமென்றே மீறுவது நீதிமன்ற அவமதிப்பு, தொடர்ந்து மீறினால் பிள்ளையின் பொறுப்பையே மீண்டும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் ஒரு சனிக்கிழமை உண்மையிலேயே பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கும். அன்றைக்குத் தோடம்பழம் இரண்டு வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: எங்களுக்குக் காதி நீதிமன்றத்தில் தலாக் முடிந்தது. மகனைப் பார்க்கவும் காதியாரிடமே கேட்கலாமா?
– அக்கரைப்பற்று வாசகர்

பதில்: காதியார் இரண்டு குடும்பத்தையும் இருத்திக் கதைத்து இணக்கம் ஒன்றை உண்டாக்கித் தரலாம், அது நடந்தால் நல்லது. ஆனால் விவாகரத்து, மஹர், தாபரிப்பு அவரிடம் என்றால், பிள்ளை யார் பொறுப்பில், மற்றவர் எப்போது பார்ப்பது என்ற வழக்கு உங்களுக்கும் மாவட்ட நீதிமன்றத்தில்தான். மேலே தம்பிக்கு எழுதியது உங்களுக்கும் பொருந்தும், அறநெறிக்குப் பதில் குர்ஆன் மதரஸா நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அடுத்த மாதம் கட்டாருக்குப் போகிறேன், இரண்டு வருட ஒப்பந்தம். போனால் பிள்ளையைப் பார்க்கும் உரிமை போய்விடுமா?
– ஓட்டமாவடி வாசகர்

பதில்: போகாது. ஆனால் சொல்லாமல் பறந்துவிடாதீர்கள், வழக்குத் தவணைக்கு ஆள் இல்லையென்றால் வழக்கு உங்கள் பக்கம் இல்லாமலே முடியும். போவதற்கு முன்பே சட்டத்தரணியிடம் சொல்லி, தொலைபேசியில் கதைக்கும் நாளையும் நேரத்தையும், லீவில் வரும் மாதத்தில் பிள்ளை எத்தனை நாள் உங்களோடு என்பதையும் இடைக்கால உத்தரவாகக் கேட்டு எழுதுவித்துவிட்டுப் போங்கள். கட்டார் நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. நீங்கள் வேலை முடித்து ஏழு மணிக்கு எடுத்தால் இங்கே ஒன்பதரை, பிள்ளை நித்திரை.