அரைப் பேரும் இரண்டு கடிகாரங்களும்

அன்புள்ள ஐயா,

மலையகத்தில் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வெளிக்கள உத்தியோகத்தராகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து வளர்ந்தவன். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. வேலைக்கு ஒன்று, விசேஷத்துக்கு ஒன்று என இரண்டு கைக்கடிகாரம் வாங்கலாம் என்று எண்ணம். தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம். கட்டாரில் இருக்கும் மச்சானோ, "பேட்டரிக் கடிகாரமெல்லாம் விளையாட்டுச் சாமான். நல்ல ஆட்டோமேட்டிக் ஒன்று வாங்கு, எல்லாவற்றுக்கும் அதுவே போதும்" என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

த.க.

அன்புள்ள தம்பி,

மச்சான் சொல்வதில் பாதி சரி. ஆட்டோமேட்டிக் அழகான பொறிதான். கை அசைய அசைய உள்ளே ஓர் எடை சுழன்று சுருள்வில்லை முறுக்கிக்கொண்டே இருக்கும்; கழற்றி வைத்தாலும் ஏறத்தாழ 40 மணி நேரம் ஓடும். ஆனால் உங்களுக்கும் எனக்கும் கட்டுப்படியாகிற விலையில் கிடைப்பவை நாளொன்றுக்கு 20, 30 விநாடி முந்துவதும் பிந்துவதும் சாதாரணம். செய்கிற கம்பனிகளே அதைக் குறையாகக் கருதுவதில்லை. ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் மூன்று நிமிடம்கூடத் தாண்டலாம். கொழும்பில் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மூன்று நிமிடம் ஒரு பொருட்டல்ல. நீங்கள் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நிற்கிறவர்.

என் அம்மா கொழுந்தெடுத்தவர். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒருநாள் தம்பிக்குக் காய்ச்சல். அவனை ஆயாவிடம் விட்டுவிட்டு அம்மா இடுப்பில் படங்குத் துணியைக் கட்டியபடியே ஓடினார், நான் பின்னால் ஓடினேன். பேர் பதியும் கணக்கப்பிள்ளை மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். "நேரம் போய்விட்டது, இன்றைக்குப் பேர் இல்லை" என்றார். அவ்வளவுதான், அன்றைய சம்பளம் போயிற்று. கூடையோடு திரும்பி வந்துகொண்டிருந்தோம், பாதி வழியில்தான் வேலை தொடங்கும் ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) சங்கு ஊதியது. அம்மா நின்றார். சங்கு ஊதி முடியும்வரை நின்றுவிட்டுப் பிறகு நடந்தார். வீட்டில் அதைப் பற்றிப் பேசியதாக எனக்கு நினைவில்லை. கணக்கப்பிள்ளையின் கடிகாரம் மட்டும் கண்ணிலேயே நிற்கிறது: தங்க நிறம், அகலமான ஸ்டீல் பட்டி, பளபளவென்று. மனிதர் அப்படியொன்றும் கெட்டவரில்லை. அவருடைய கடிகாரம் முந்தி ஓடியது, அதைத் திருத்த அவர் மெனக்கெடவில்லை.

இப்போது எல்லோர் பையிலும் கைத்தொலைபேசி இருக்கிறது, உண்மைதான். ஆனாலும் மழை பெய்கையில் அது பொலித்தீன் உறைக்குள் சுருண்டு கிடக்கும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் முழுப் பேரா அரைப் பேரா, அதாவது முழு நாள் சம்பளமா அரை நாள் சம்பளமா என்ற வாக்குவாதம் வந்தால், எல்லோரும் பார்ப்பது உங்கள் கையைத்தான். எனவே வேலைக்குப் பேட்டரிக் கடிகாரமே வாங்குங்கள். அதிலுள்ள குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அதைப் பாதி பாதியாகப் 15 முறை குறைத்தால் விநாடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கிறது, முள் நகர்கிறது. 1969 கிறிஸ்மஸ் அன்று சீக்கோ கம்பனி முதன்முதலாக இதைக் கைக்கடிகாரமாக விற்றபோது ஒரு காரின் விலை. இன்று கடைத்தெருவில் கிடைக்கும் சாதாரணக் குவார்ட்ஸும் மாதத்துக்கு 15, 20 விநாடிக்கு மேல் பிசகாது. மச்சானின் விளையாட்டுச் சாமான் இதுதான்!

அடுத்தது ஈரம். நம் மலையில் கடிகாரத்தைக் கொல்வது அதுதான். பின்மூடியில் 30 மீட்டர் என்று போட்டிருந்தால் 30 மீட்டர் ஆழம்வரை போகலாம் என்று பொருளல்ல. கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவே. நாள் முழுக்க மழையில் நிற்கிற கைக்கு 100 மீட்டர் என்று எழுதியிருப்பதைத் தேடுங்கள். பேட்டரி மாற்றும்போது பக்கத்திலேயே நின்று பாருங்கள். ஒருமுறை டவுனில் ஒரு கடையில் பேட்டரி மாற்றினேன். அந்த ஆள் மூடியைக் கட்டைவிரலால் அழுத்தி நொடியில் கொடுத்துவிட்டார். உள்ளே இருக்க வேண்டிய ரப்பர் வாஷர் அவருடைய மேசையிலேயே கிடந்திருக்க வேண்டும். மறுநாள் காலை மலையுச்சிக்கு ஏறியதும் கண்ணாடிக்கு உள்பக்கம் மூடுபனி. வெளியே இருந்த பனியே கடிகாரத்துக்குள்ளும் புகுந்துகொண்டதுபோல. வெயில் ஏறியதும் அது திரண்டு 6-க்கும் 7-க்கும் நடுவே ஒரு துளியாக உட்கார்ந்தது. இரண்டு வாரத்தில் முள்ளின் அடியில் துரு.

இந்தத் தொல்லையே வேண்டாமென்றால் சூரிய ஒளியில் ஓடும் வகை இருக்கிறது. நம் ஊரில் வெயில் எங்கே என்று சிரிக்காதீர்கள். மந்தாரத்து வெளிச்சமே அதற்குப் போதும், முழுதாக ஏறிவிட்டால் இருட்டிலும் மாதக்கணக்கில் ஓடும். விலை கொஞ்சம் கூட. முடியாவிட்டால் கசியோவின் எஃப்-91டபிள்யூ போதும்: 1989-இலிருந்து விற்கிறது, 21 கிராம், பேட்டரி ஏழு வருடம். அதுவும் 30 மீட்டர் வகைதான் என்பதை மறந்துவிடாதீர்கள். ஈரக் கையோடு பொத்தானை அழுத்தக்கூடாது. எதை வாங்கினாலும் பட்டி ரப்பராகவோ நைலோனாகவோ இருக்கட்டும். விடியற்காலைப் பிரட்டுக்கு நேரம் இருட்டில் தெரிய வேண்டும். தங்க நிறம் வேண்டாம். ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

விசேஷக் கடிகாரத்துக்கு இந்தச் சட்டம் எதுவும் கிடையாது. மெல்லியது, இரண்டு முள், வெறும் வெள்ளை முகப்பு, தோல் பட்டி. 36, 38 மில்லிமீட்டருக்கு மேல் போகாதீர்கள். சட்டைக் கைக்குள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். தோல் பட்டியை மட்டும் அலமாரியில் மூடி வைக்காதீர்கள். நுவரெலியாவில் இரண்டு வருடம் இருந்தபோது என்னுடையது ஒரே மழைக்காலத்தில் பச்சைப் பூசணம் பூத்துவிட்டது. மச்சான் சொன்ன ஆட்டோமேட்டிக்கை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள். விசேஷக் கடிகாரம் நேரம் தவறலாம், அதற்கு அந்த உரிமை உண்டு.

என் அப்பாவின் கடிகாரம் அப்படித்தான். கல்யாணச் சீராக மாமா கொடுத்த சாவிக் கடிகாரம். கல்யாணம், திருவிழா என்றால் மட்டும் அலமாரியிலிருந்து வெளியே வரும். அன்று காலை இலங்கை வானொலிச் செய்தி தொடங்கும்போது சாவி கொடுத்து முள்ளை வைப்பார். 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சப்படுத்த அரசு நேரத்தை ஒரு மணி முன்தள்ளியது. அக்டோபரில் அதில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தது. அப்பா எதையும் ஏற்கவில்லை. வானொலியைக் கேட்டுக் கழித்துக் கழித்துப் பழைய நேரமே வைப்பார். முகூர்த்தத்துக்கு யாராவது மணி கேட்டால், "பழைய நேரமா, புது நேரமா?" என்பார். 2006 ஏப்ரல் 15 அன்று நாடு பழைய நேரத்துக்குத் திரும்பியபோது எங்கள் வீட்டில் முள்ளைத் தொட வேண்டியிராத ஒரே கடிகாரம் அதுதான். அன்று முழுதும் விசேஷம் எதுவுமில்லாமலே அதைக் கட்டிக்கொண்டு திரிந்தார்.

இப்போது அது என்னிடம் இருக்கிறது. பட்டிதான் நைந்துவிட்டது. ஹட்டன் பக்கம் போகும்போது 18 மில்லிமீட்டரில் கறுப்புத் தோல் பட்டி கண்ணில் பட்டால் எனக்கும் ஒன்று வாங்கி வையுங்கள். அக்காவின் கல்யாணத்துக்கு வந்து பணத்தைத் தந்துவிடுகிறேன்.