மலைநாட்டு ஈரத்தில் ஸ்பீக்கர் பெட்டி: எந்தப் பலகை, எப்படி அடைப்பது?

பழைய செட்டில் கழற்றிய ஆறரை அங்குல ஸ்பீக்கர் இரண்டுக்கு, வீட்டில் கிடக்கும் சவுக்குப் பலகையில் (தேயிலைத் தோட்டத்து நிழல்மரமான சில்வர் ஓக்) பெட்டி அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கம் இருப்பதாகவும் சொல்கிறீர்கள். அப்படியென்றால் சவுக்கு வேண்டாம்.

சவுக்கு நல்ல மரம்தான், அலமாரிக்கும் மேசைக்கும் அருமை. ஆனால் ஸ்பீக்கர் பெட்டிக்கு வேண்டியது வேறு. ஸ்பீக்கரின் கூம்பு (கோன்) முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கும். அந்த இரண்டும் வெளியே சேர்ந்தால் பேஸ், அதாவது கனத்த அடிச்சத்தம், அழிந்துபோகும். பின்பக்கக் காற்றை அடைத்து வைப்பதுதான் பெட்டியின் வேலை. அதனால் பலகை அதிரவும் கூடாது, மூட்டில் காற்று கசியவும் கூடாது. ஒரு அடி அகலமான முழுப் பலகை மழைக்காலத்தில் உப்பி, வெயிலில் சுருங்கி ஓரிரு மில்லிமீட்டர் அசையும். ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அங்கே மூட்டு நிற்காது.

எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) கனமானது, அதிர்வு குறைவு, வெட்டவும் லேசு. காய்ந்த ஊரில் நானும் அதைத்தான் சொல்வேன். நம் பக்கத்தில் வெட்டிய விளிம்பு ஈரத்தைக் குடித்து ஊதிவிடும், ஊதினால் பழைய நிலைக்கு வராது. ஆகவே என் தேர்வு 18 மில்லிமீட்டர் ப்ளைவுட். கடையில் விளிம்பைப் பாருங்கள்: அடுக்குகளுக்கு நடுவே ஓட்டை தெரிந்தால் அந்தத் தகடு வேண்டாம், பாட்டுப் போடும்போது அது கரகரக்கும்.

அளவு ஸ்பீக்கரைப் பொறுத்தது. மாடல் நம்பரை வைத்து அதன் விவரத்தாளைத் தேடிப் பாருங்கள். உதாரணத்துக்கு, 15 லீட்டர் மூடிய பெட்டி என்றால் உள்ளளவு 20 × 25 × 30 சென்டிமீட்டர். வெளியளவுக்கு ஒவ்வொன்றிலும் 3.6 சென்டிமீட்டர் கூட்டுங்கள். ஸ்பீக்கரும் உள்ளே வைக்கும் சட்டமும் பிடிக்கும் இடத்துக்குக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். மூன்று அளவும் ஒன்றாக இருக்கும் சதுரப் பெட்டி வேண்டாம், சில சுரங்கள் மட்டும் தனியாகக் குமுறும்.

எல்லாப் பலகையையும் ஒரே தடவையில், வேலி (பலகையை நேராக நகர்த்தும் தடுப்புச் சட்டம்) வைத்த ஒரே அறுக்கும் மெஷினில் வெட்டிக்கொள்ளுங்கள். மூலைவிட்டம் இரண்டும் சமமாக வந்தால்தான் பெட்டி நேர். ஸ்க்ரூ பிடித்து நிறுத்தத்தான், காற்றை அடைப்பது பசை. விளிம்பில் ஸ்க்ரூ போடும் முன் சின்ன ட்ரில்லால் துளைக்காவிட்டால் ப்ளைவுட் பிளக்கும். உள்மூலைகளில் ரீப்பர் கட்டை ஒட்டி, இரு பக்கப் பலகைகளையும் இணைத்துக் குறுக்கே ஒரு சட்டம் கொடுங்கள், சரியாக நடுவில் இல்லாமல் சற்றே தள்ளி.

பசை விஷயத்தில் கவனம். நுவரெலியாவில் ஜனவரி இரவில் உறைபனி கூட விழும். தச்சர்களின் வெள்ளைப் பசை சுமார் 10 பாகைக்குக் கீழே சரியாகப் பிடிக்காது, காய்ந்ததும் சுண்ணாம்புபோல உதிரும். பகலில் ஒட்டி, க்ளாம்ப்போடு அடுப்படிக்குப் பக்கத்துச் சூடான அறையில் ராத்திரி முழுக்க விடுங்கள்.

காய்ந்த பிறகு உள்ளேயும் வெளியேயும் இரண்டு கோட் வார்னிஷ். வெளியே மட்டும் பூசினால் உள்பக்கம் ஈரம் ஏறி பலகை வளையும். விளிம்புகளுக்கு ஒரு கோட் கூடுதலாகவே அடியுங்கள். வயர் வரும் துளையை அடைக்க மறக்காதீர்கள், ஸ்பீக்கர் உட்காரும் வளையத்துக்கு ஃபோம் பட்டி ஒட்டுங்கள்.

கடைசியில் சோதனை: இரு கைவிரல்களால் கோனை மெதுவாக, சமமாக உள்ளே அழுத்தி விடுங்கள். சோம்பலாகத் திரும்பினால் அடைப்பு நல்லது. உடனே துள்ளினால் எங்கோ கசிகிறது. பேஸ் அதிகமுள்ள பாட்டைப் போட்டு, ஊதுபத்தியை மூட்டுகள் ஓரமாக நகர்த்துங்கள். புகை எங்கே துடிக்கிறதோ, அங்கே உள்பக்கமிருந்து பசை பூசுங்கள்.